படித்த மாதிரி ஒரு குரல்

“கொலை பண்ணினது யார்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். இந்தப் பக்கம் சன்னல் இல்லாத அறை, பஞ்சு ஒட்டிய சுவர், வெளியே தாழிட்ட கனத்த கதவு.

“தெரியாம இருக்குமா மேடம்?” என்றார் வெண்கலம்.

தெரியாது. கொலை நடந்ததே அந்த அம்மாள் எழுதிய நாவலில்தான். ஊரே படித்துத் தீர்த்த அந்தச் சின்ன நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்க வந்திருந்தார் வெண்கலம். குரலால் வந்த பட்டப்பெயர் அது.

விளம்பரங்களையெல்லாம் இப்போது மெஷினே பேசிவிடுவதால், அந்தக் குரல் ஆறேழு மாதமாக விலைபோகாத சரக்காக வீட்டில் கிடந்தது. இதுவும் கைநழுவினால் மச்சினன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான். மச்சினன் ஸ்டூலைத் துடைத்தே வைத்திருந்தான்.

மனைவிக்கு இந்த எழுத்தாளர் என்றால் உயிர். படித்து முடித்ததும் அவருக்கே போன் போட்டுச் சண்டை பிடிக்கிற அளவுக்குப் பழக்கம். “ஒண்ணே ஒண்ணு படிச்சுப் பாருங்களேன்” என்று கல்யாணமான நாளாய்க் கெஞ்சுவாள். “அடுத்த லீவுல” என்பார் இவர்.

அந்த லீவு வரவே இல்லை. வேலை உறுதியானதும் நேற்றுச் சாயங்காலம் அவசரமாகப் புத்தகத்தை எடுத்தார். அவளே பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். “இத்தனை வருஷம் தொடாதவருக்கு இன்னிக்கு என்ன புதுசா? பேசாம தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க.”

மைக்கைச் சரிசெய்ய உள்ளே வந்த ஒலிப்பதிவாளர் காதோரம் வேறு ஊதிவிட்டுப் போனார். “பார்த்துண்ணே. போன வாரம் வந்தவர் மேடம் புத்தகம் எல்லாத்தையும் மனப்பாடமா ஒப்பிப்பார். ரெண்டாவது அத்தியாயத்துலயே கிளப்பி விட்டுட்டாங்க.”

மனப்பாடக்காரருக்கே அந்தக் கதி!

கடைசிப் பக்கத்தை நைசாகப் புரட்டலாமென்றால், தாள் சரசரப்பைக்கூட மைக் காட்டிக்கொடுக்கும். வேறு வழியில்லாமல் குத்துமதிப்பாக இறங்கினார். முறைத்துக்கொண்டே திரிந்த பங்காளிக்குக் கரகரத்த வில்லன் குரல். செத்தவரின் நாடியைப் பிடித்தபடியே அழுத குடும்ப டாக்டருக்குத் தேன் தடவிய குரல்.

அத்தியாயம் ஓட ஓட அவருக்கே பரபரத்தது. இத்தனை நாள் இதை விட்டுவைத்தோமே என்றிருந்தது. கடைசிப் பக்கத்தில் டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஆமா, நான்தான்” என்றார்.

“அடப்பாவி, நீயா!”

இது நாவலில் இல்லை. வெண்கலத்தின் வாயிலிருந்து நேராக மைக்கில் விழுந்தது.

எழுந்து ஓடலாமென்றால் கதவு வெளியே தாழ்.

“மன்னிச்சிடுங்க மேடம், பொய் சொல்லிட்டேன். உங்க எழுத்துல ஒரு வரிகூட இதுக்கு முன்னாடி படிச்சதில்ல. கதவைத் திறக்கச் சொல்லுங்க, நான் கிளம்புறேன்.”

“எங்க கிளம்புறீங்க? மிச்ச நாவலையெல்லாம் யார் வாசிக்கிறது?” ஸ்பீக்கரில் சிரிப்பு கேட்டது. “முன்னாடி வந்தவங்க எல்லாம் என் ரசிகர்கள். டாக்டர் ‘வணக்கம்’ சொல்றப்பவே கொலைகாரன் குரல்ல சொல்லி, கதையைப் போட்டு உடைச்சிட்டாங்க. அதான், என்னைப் படிக்கவே படிக்காத நல்ல குரல் ஒண்ணு வேணும்னு விசாரிச்சேன்.”

வெண்கலம் மைக்கை நோக்கிக் குனிந்தார். “அப்படி ஒருத்தன் இருக்கான்னு யார் மேடம் சொன்னது?”

“உங்க வீட்டுக்காரம்மாதான்.”