சுவருக்கு அந்தப் பக்கம்

மொலீசே மலையூர்களில் குளிர்காலத்தில் யாரும் வந்து தங்குவதில்லை. அந்த ஜனவரியில் என் விடுதிக்கு வந்தவர் ஒட்டாவியோ ஒருவர்தான். மூக்குக்கண்ணாடி விற்பவர், மனைவியை இழந்தவர். பின்பக்க அறையைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை காப்பி ஊற்றும்போது சொன்னார்: "பக்கத்து ரூம்காரர் நல்லாப் பாடுறாரு, எர்சிலியா. ஷேவ் பண்ணும்போதுகூட விடமாட்டேங்கிறாரு."

"பக்கத்துல ரூமே இல்லீங்க. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி வெறும் மலைப்பாறை."

"அப்போ பாறைக்கு நல்ல குரல்தான்" என்று சிரித்தார்.

முன்பக்க அறைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னேன்.

"வேணாங்க. என் வீட்டுல பாட யாரு இருக்கா?"

ஒரு நாள் தங்க வந்தவர் அந்த வாரம் முழுவதும் இருந்தார். ஞாயிறு மதியம் பேருந்து ஏறிப் போனார்.

விரிப்பை எடுக்க அந்த அறைக்குள் போனேன். என் கணவர் போன பிறகு, விருந்தாளி கிளம்பிய அறைக்குள் போவதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. தலையணை உறையை உருவிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"அவரு போயிட்டாரா?"

"போயிட்டாரு" என்றேன்.

உருவிய உறையை மடித்து வைத்தேன்.

"நீங்க இருப்பீங்கல்ல?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இருப்பேன். பாடுங்க."