மூன்று லைனும் ஒரு பெட்டியும்

திரை வெளுத்தது.

நாற்பத்தோராவது கேள்வியில் இருந்தாள்.

‘உங்கள் தேர்வு வேறொரு இணைப்பிலிருந்து திறக்கப்பட்டுள்ளது. இது இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது முறை தேர்வு பூட்டப்படும்.’

வேறொரு இணைப்பாம். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மொத்தம் எழுபது கேள்வி. மீதி இருபத்தாறு நிமிடம். தேறினால் ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மூன்று வருடமாக எழுதுகிறாள். இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது.

ஆளை வெளியே தள்ளினாலும் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் கணவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் துரத்திவிட்டது என்றாள். ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னான், தலையைத் திருப்பாமல். முதல் எச்சரிக்கைக்கும் இதையேதான் சொன்னான். வயிற்றுவலி என்றாலும் இதையேதான் சொல்லுவான்.

மாடிக்கு ஓடினாள்.

படிக்கட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் சிற்றரசு வாங்கிவந்து மாட்டியது. வீட்டில் மூன்று இன்டர்நெட் இணைப்பு. மாமனார் பெயரில் ஒன்று. சிற்றரசுவினுடையது ஒன்று. மூன்றாவது அவளுடையது, பரீட்சைக்குப் படிக்கவென்றே அவள் போட்டுக்கொண்டது. போன மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாளில் மூன்றையும் அந்தப் பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அவள் அறை மோடத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நீல வயர் இறங்கியிருந்தது. மோடத்தின் வைஃபையை அணைத்திருந்தான்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. ஒன்று படுத்தால் இன்னொன்று தூக்குமாம். இனி எல்லாம் எல்லாருக்கும் பொதுவாம். மாமியார் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மாடியில் சிற்றரசு காதில் ஹெட்போனோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். மேலே சட்டை, கீழே லுங்கி. அவளைப் பார்த்ததும் மைக்கை அணைத்தான்.

அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். பல்லிடுக்கில் முறுக்குத் துணுக்கு.

“அது அப்பிடித்தான் அண்ணி. பெட்டி ஒரு தடவ இந்த லைன்ல அனுப்பும், ஒரு தடவ அந்த லைன்ல அனுப்பும். சில சைட்டுக்கு அது ஆகாது, வேற ஆளுன்னு நெனச்சுத் துரத்திவிட்ரும். என் லேப்டாப்பும் மொதல்ல அப்பிடித்தான் படுத்துச்சு. அப்புறம் அத மட்டும் ஒங்க லைன்லயே கட்டி வச்சுட்டேன். ஒங்க லைன்தான் இருக்கறதுலயே நல்ல லைன். மீட்டிங் முடியட்டும், அரை மணி நேரத்துல வந்து ஒங்களுதையும் சரிபண்ணித் தாரேன்.”

மைக்கைத் திறந்துவிட்டு ஆங்கிலத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டான்.

இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நோயும் தெரியும், மருந்தும் தெரியும். மருந்தைத் தன் வாயில் மட்டும் ஊற்றிக்கொண்டான். அதுவும் அவளுடைய மருந்தை.

அவளுக்குக் குமட்டியது. கோபம் என்றால் கத்தியிருப்பாள். இது சாப்பிட்ட எச்சில் தட்டைக் கழுவாமல் அதிலேயே சோற்றைப் போட்டு நீட்டியது போல இருந்தது. ஆறு வருடமாக அந்தத் தட்டில்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்று தோன்றியபோது இன்னும் குமட்டியது.

இறங்கினாள்.

பெட்டியில் மூன்று வயர். நீலத்தைப் பிடுங்கினாள்.

அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலருகே நின்று வயரைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே இழுத்தாள். ஒட்டடையும் பல்லி எச்சமும் சேர்ந்து வந்தன. முனையைப் புடவையில் துடைத்து லேப்டாப்பில் குத்தினாள்.

பெயர். பதிவெண். கேமராவுக்கு முகம்.

திரை ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தது.

நாற்பத்தொன்று. பதினேழு நிமிடம்.

நாற்பத்திரண்டு.

நாற்பத்து மூன்று.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. திடுதிடுவென்று யாரோ படியிறங்கினார்கள். கூடத்தில் பேச்சு. டிவியின் சத்தம் அடங்கியது. இவ்வளவு நேரம் அடங்காத டிவி.

நாற்பத்தாறு.

கதவு இடிபட்டது.

“ஏய், வயர நீயா புடுங்குன? தம்பி மீட்டிங் கட் ஆயிருச்சாம்ல. மொத அதக் கொண்டுபோய்க் குத்து. பரீட்சை அடுத்த வருசம்கூட எழுதிக்கலாம்.”

கணவனின் குரல். வயது வரம்பை அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

நாற்பத்தேழு. அறையில் பேச்சுக்குரல் கேட்கக் கூடாது என்பது தேர்வின் விதி. திரையின் மூலையில் இருந்த மைக் அடையாளம் ஒவ்வொரு இடிக்கும் சிவந்து அடங்கியது.

“கதவத் தொற. நான் ஒன் புருசன் பேசுறேன்.”

கேள்வி மறைந்தது. அதன் இடத்தில் ஒரு சிறு கட்டம் வந்து நின்றது.

‘குரல் கேட்கிறது. உங்களுடன் யாராவது இருக்கிறார்களா?’

கீழே இரண்டு பொத்தான்கள்.

கதவு இடிபட்டுக்கொண்டே இருந்தது. கொண்டி ஆடியது.

கேமராவை நேராகப் பார்த்தாள்.

‘யாருமில்லை’ என்பதை அழுத்தினாள்.