அழுகுற பாட்டு

"சந்தோசப் பாட்டெல்லாம் வேண்டாம்ட்டி. அழுகுற பாட்டாப் போடு!" என்று சீறினாள் வியாகுலம்மாள்.

குளச்சலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜிஷாவுக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதே மல்லுக்கட்டு. கிழவியின் போட்டோக்களை வரிசையாகச் சேர்த்து, வயலினை ஓடவிட்டு, கடைசியில் மெழுகுவர்த்தியும் எரியவிட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றித் தொலைத்தாள்.

"குவைத்துல கிடக்க கிளாட்சன் பாப்பானா?"

"பெத்த அம்மைக்க படம்லா மாமி, பாக்காம இருப்பாரா?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு வரல்ல. அப்பன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் வரல்ல. இதுக்காவது வாறானான்னு பாப்போம்."

பார்த்துவிட்டான். வீடியோவில் இருந்த கடை நம்பருக்கே கூப்பிட்டான். ஜிஷா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மை போயிட்டாவளா? எனக்கு லீவு கிடைக்காது. ஐஸ் பெட்டியில வச்சு எனக்காவ காத்திருக்காண்டாம். அடக்கம் பண்ணிருங்க."

போன் அணைந்தது.

திரையில் எரியும் மெழுகுவர்த்தியையும், அதற்கு மேலே சிரிக்கும் தன் முகத்தையும் வியாகுலம்மாள் வெறித்துப் பார்த்தாள்.

"ஏட்டி, பாட்டும் மெழுகுவர்த்தியும் அப்படியே கிடக்கட்டு. எனக்க படத்த எல்லாம் எடுத்துட்டு, அந்தப் பயலுக்க படத்தப் போடு."