பின்சீட்டுத் துள்ளல்

“காக்கா, பின்பக்கம் இன்னமும் துள்ளுது.”

ஒரே கிழமையில் மூன்றாவது தடவையாக ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான் தவராசா. முகத்தில் ஒரு மாதத் தாடி. மெக்கானிக் அசனார் காக்காவுக்குக் கோபம் வந்தது.

“துள்ளல அடக்குற சொக்கப்சோபர் புதுசாப் போட்டிருக்கன், தம்பி. பழசுல ஒயில் ஒழுகிப் போயிருந்திச்சி. அதோட வேகத்தடைப் பம்ப்ல ஏறினா ஏழெட்டுத் தரம் ஆடும். அந்த ஆட்டம் அடங்க முதல் அடுத்த பம்ப் வந்தா இன்னும் கூடும். இப்ப பாருங்க.”

பின்பக்கத்தை அமுக்கி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கியது.

“ரோட்டுல வந்து பாருங்க, காக்கா.”

அசனார் குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயோடு பின்சீட்டில் ஏறினார். செங்கலடி போகும் வழியில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஐந்து வேகத்தடைகள் வரிசையாக இருந்தன. ஐந்தையும் தாண்டி ஓட்டோ நின்றது. கோப்பையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“எங்க துள்ளுது?”

முன்சீட்டில் தவராசாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“தம்பி, ஆடுறது வண்டியில்ல. நீங்கதான்.”

தவராசா கடைசி வேகத்தடையைத் திரும்பிப் பார்த்தான்.

“மகள் இருந்த நேரம், வண்டி துள்ளினா விழுந்து விழுந்து சிரிப்பாள், காக்கா. கூட்டாம குறைக்காம இருபதுல போனாத்தான் நல்லாத் துள்ளும். அவளுக்காக எப்பவும் அதே வேகத்துலதான் போவன். அண்டைக்கும் சிரிச்சிக்கிட்டுத்தான் வந்தாள். இந்தப் பம்ப்ல சிரிப்புச் சத்தம் நிண்டுது. திரும்பிப் பார்த்தன். சீட்டுல பிள்ளை இல்ல.”