மூன்றாம் பத்து

மீற்றரின் முள் இடது மூலையில் அசையாமல் படுத்துக் கிடந்தது. ரேடியோ செற்றிலிருந்து போகிற சக்தி முழுக்க ஏரியலால் வெளியேறுகிறது, கொஞ்சமும் திரும்பி வரவில்லை என்று அதற்கு அர்த்தம்.

“இனி ஆர் என்ன சாட்டுச் சொல்லுகினம் எண்டு பாப்பம்” என்றேன்.

பஸ்ரியன் ட்றக்கின் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் பிடிவாதக்காரன் என்று நாங்கள் இருக்கிற மல்வேர்ன் முழுக்கச் சொல்லும். அந்தப் பிடிவாதம் இந்தக் கிழமை எங்கே போய் ஒளித்துக்கொண்டதோ தெரியாது.

401 நெடுஞ்சாலையில் விடியற்காலையில் ட்றக் ஓடுகிற எங்கள் ஆட்கள், ஒக்டோபர் மாதம் முழுக்க ட்றக்குக்கு ட்றக் பேசுகிற சிபி ரேடியோவில் செபமாலை சொல்வார்கள். ஐந்து பத்து, ஐந்து பேர்; ஒரு பத்துக்குப் பத்து ‘மரியே வாழ்க’. முதல் பாதியை ஒருவர் மைக்கில் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் அவரவர் ட்றக்குக்குள் சொல்லிக்கொள்வார்கள். மன்னார் டெனிஸ்டன் தொடங்கிவைப்பான். மூன்றாம் பத்து பஸ்ரியனுடையது. ரேடியோவில் செபம் சொல்லலாம் என்ற யோசனையே இவருடையதுதான்.

இந்த வருடம் மாதக்கணக்கில் ஓடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். முதுகு நோ என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். வந்த முதல் நாளே ஆசையோடு தன் பத்தைத் தொடங்கினார். இரண்டு வசனம் போகவில்லை, டெனிஸ்டன் குறுக்கே வந்தான்.

“அண்ணை, உங்கட செற் ஒரே இரைச்சல். ஒண்டும் விளங்கேல்லை. திருத்திப்போட்டு வாங்கோ, அதுவரைக்கும் லெஸ்லி சொல்லட்டும்.”

டெனிஸ்டன் கெட்டவன் இல்லை, அவசரக்குடுக்கை. மறுநாளும் அதையே சொன்னான். அதோடு இவர் மைக்கைக் கொளுவிவிட்டார். நான் கேட்டபோது, விடு என்று கையைக் காட்டினார்.

விடுகிறதாவது! தொழிற்சாலையில் நாள் முழுக்க வயருக்குச் சோல்டர் பிடிக்கிறவள் நான். செற்றில் ஒரு பழுதும் இல்லை என்று எனக்கு முதலே தெரியும். ஆனாலும் ஒருவன் வாய் திறக்க ஒரு சாட்டும் மிச்சம் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். வயரை மாற்றினேன். ஏரியல் பூட்டிய இடத்தில் பெயின்றைச் சுரண்டி, இரும்பில் இரும்பு முட்டவைத்தேன். ஏரியல் கம்பியை உயர்த்தியும் இறக்கியும் முள் விழும்வரை நின்றேன். புது மைக்கும் வாங்கினேன். ட்றக் நிறுத்துகிற இந்த யார்ட்டிலிருந்து பேசினால் இப்போது பிக்கறிங் தாண்டி ஓடுகிறவனுக்கும் கேட்கும்.

ரேடியோவில் இரண்டாம் பத்து முடிந்தது. மூன்றாவதைத் தொடங்க லெஸ்லி செருமினான்.

நான் மைக்கை எடுத்தேன். பஸ்ரியன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

சொல்லாதே என்கிற பிடி அது. சொல்லாமல்தானே இவ்வளவு நாளும் இருந்தேன்? கோயிலில் கேட்டவர்களுக்கும் முதுகு, கடையில் கேட்டவர்களுக்கும் முதுகு. ஒரு மனிதனுக்கு இவ்வளவு முதுகா என்று எனக்கே வெறுத்துப் போயிருந்தது. ஆட்கள் பாவம் பார்ப்பார்கள் என்பதுதான் இவருடைய பயம். பார்த்தால் பார்க்கட்டும். கையை உதறிவிட்டு மைக்கின் பொத்தானை அழுத்தினேன்.

“டெனிஸ்டன், நான் கிளடிஸ் கதைக்கிறன். என்ர குரல் வடிவாக் கேக்குதோ?”

“ஓம் அக்கா, பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது. ஒரு மாதிரி அண்ணை செற்றைத் திருத்திப்போட்டார்.”

“செற்றில எப்பவும் பிழை இல்லைத் தம்பி. கான்சர் எண்டு அவற்ற குரல்வளையை முழுசா எடுத்துப்போட்டினம். நீங்கள் இரைச்சல் எண்டு சொன்னது அவற்ற குரல். அது இனி மாறாது. மூண்டாம் பத்தை அவர்தான் சொல்லுவார்.”

பொத்தானை விட்டேன்.

பஸ்ரியன் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மைக்கை அவர் மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு கொலரைத் தளர்த்தி, டோர்ச் மாதிரியான, குரல் எழுப்புகிற அந்தக் கருவியை எடுத்துக் கழுத்தில் அழுத்தினார். மற்றக் கை மைக்கைத் தூக்கியது.

“அருள் நிறைந்த மரியே வாழ்க...”

ஏற்றமில்லை, இறக்கமில்லை, வண்டு இரைகிற மாதிரி ஒரே சத்தம். ஆனால் முதல் பாதி முழுவதையும் சொன்னார், ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. சொல்லி முடித்துப் பொத்தானை விட்டார்.

மறுபாதியை ஒருவரும் மைக்கில் சொல்வதில்லை. ஒரே நேரத்தில் பலர் அழுத்தினால் எல்லாம் ஒன்றோடொன்று மோதி, காது கிழிகிற கூச்சல்தான் வரும். அதனால் பதில் சொல்கிறவர்கள் மைக்கைத் தொடக்கூடாது என்பது டெனிஸ்டன் போட்ட சட்டம்.

செற் அலறியது. விசிலும் கீச்சலும் உறுமலுமாக, எந்தக் குரல் யாருடையது என்றே தெரியாமல், ஒருவன் பாக்கியில்லாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

பஸ்ரியன் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, கருவியை மறுபடி கழுத்தில் வைத்தார். இன்னும் ஒன்பது இருந்தது.