இஞ்சினுக்கு ஒரு மாலை

"எந்த மலைங்க, கிராணியாரே? கருங்கல் மலையா, மூங்கில் மலையா? அத மட்டும் சொல்லுங்க."

மாயாண்டி பழைய ரயில் இஞ்சினைத் துடைத்துக்கொண்டே கேட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பெர்னார்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"வெளிய சொல்லிடாதீங்கண்ணே. நாளைக்குக் காலையில கருங்கல் மலையிலதான் குண்டு போடுறாங்க. அந்தப் பக்கம் யாரும் பால் வெட்டப் போகக்கூடாதுன்னு துரை இப்பதான் சொன்னாரு. லிங்கன் ப்ளேன் வருதுண்ணே! நாலு இஞ்சின்! வயித்துக் கதவ தெறந்துக்கிட்டு வர்றப்ப பாக்கணும் லா, அடடா!"

சொல்லும்போதே பெர்னார்டின் முகம் மலர்ந்துவிட்டது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் அவர்களைத் தேடிவரும் பட்டாளத்துக்கும் நடுவில், அந்த மலாயா ரப்பர் தோட்டமே முள்வேலிக்குள் பயந்து கிடந்தது. இந்த மனிதருக்கு மட்டும் குண்டு விமானம் என்றால் கல்யாண வீடு. சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லிவிடுவார்.

மாயாண்டிக்கோ இஞ்சின் பைத்தியம். சண்டைக்கு முன்னால் கோலா பிலா பாதையில் அவர் ஓட்டிய இஞ்சின் அது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கி சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான். போக வழியில்லாமல் கருங்கல் மலை அடிவாரத்தில், மலையைப் பார்த்தபடி நின்றுபோனது இஞ்சின். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விபூதி பூசி, மாலை சாத்துவார் மாயாண்டி. முள்வேலியைத் தாண்டி வர அவருக்கு அனுமதி வாங்கித் தருவது பெர்னார்ட்தான். ஒரு பைத்தியத்தின் அருமை இன்னொரு பைத்தியத்துக்குத்தானே தெரியும்? தோட்டத்தில் வேறு யாரையும் பெர்னார்ட் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"அடிவாரத்துல நிக்கிதேங்க. ஒன்னு தவறி விழுந்தாலும் போச்சே." மாயாண்டி துடைப்பதை நிறுத்தினார்.

"எனக்கும் அதே கவலதாண்ணே. தள்ளி நிறுத்தலாம்னா தண்டவாளம் ஏது?"

"என் மவன் தங்கராஜு இது மேலயே வளந்தவங்க. எழுத்து படிக்கிறதுக்கு முன்னாடியே, செவப்புன்னா என்ன, பச்சைன்னா என்னன்னு சொல்லிருவான்."

"சிங்கப்பூர்லருந்து ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்களேன்."

"எங்கங்க, லீவு குடுக்க மாட்டேங்கிறானாம்."

மாயாண்டி வீட்டிலிருந்து கட்டி எடுத்து வந்த துளசி மாலையைக் கீழே வைத்தார். கொட்டகை ஓரத்தில் பூத்திருந்த செம்பருத்தியை எல்லாம் ஒன்று விடாமல் பறித்தார். அவசர அவசரமாகத் தொடுத்து, இஞ்சினின் முகத்தில் தொங்கவிட்டார்.

"என்னண்ணே, எப்பவும் துளசிதானே போடுவீங்க?"

"நாளைக்கு இதுக்குக் கண்டம் இருக்குல்லங்க. செம்பருத்தி அம்மனுக்குப் புடிச்ச பூ. காப்பாத்துவா."

பெர்னார்ட் தேவாலயத்துக்குப் போகிறவர். இருந்தாலும் இஞ்சினுக்காகத் தானும் ஒரு பூவைப் பறித்து மாலையில் செருகினார்.

மறுநாள் காலையில் மலைகளின் தலையை மேகம் மூடியிருந்தது. ஆபீஸ் வாசலில் இருவரும் நின்றார்கள். தெற்கே உறுமல் கேட்டதும் பெர்னார்ட் குதித்தார்.

"லிங்கன்தான்! நான் சொல்லல?"

வழக்கமாக விமானச் சத்தம் கேட்டாலே மாயாண்டி கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்துவிடுவார். அன்று கும்பிடவில்லை. தானே கைநீட்டி பெர்னார்டின் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "அழகாத்தாங்க இருக்கு" என்று சிரிக்கவும் செய்தார். விமானங்கள் மேகத்துக்குள் போய் மறைந்தன. பிறகு தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

பட்டாளம் காட்டுக்குள் போய்த் திரும்பிய பிறகுதான் கொட்டகைக்குப் போக அனுமதி கிடைத்தது. முன்னால் ஓடிய பெர்னார்ட், இஞ்சினைச் சுற்றிவந்து கைதட்டினார்.

"ஒரு கீறல் இல்லண்ணே! உங்க அம்மன் காப்பாத்திட்டா!"

மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். மாலை வாடிப்போய் அப்படியே தொங்கியது.

"உண்மையச் சொன்னா, குறி தப்பிருச்சுண்ணே. மேகத்துல ஒன்னும் தெரியல. கருங்கல் மலையில ஒரு குண்டுகூட விழல. எல்லாத்தையும் மூங்கில் மலையில கொட்டிட்டானுங்க."

மாலையைக் கழற்றப் போன மாயாண்டியின் கை அப்படியே நின்றது.

"அங்க யாருங்க இருக்கா? அங்க யாரும் கெடையாதே..."

"அதுதாண்ணே பட்டாளத்துக்கு அடிச்ச லக்கு! காட்டுல இருந்தவனுங்க வெள்ளிக்கிழமைதான் கருங்கல் மலையக் காலி பண்ணிட்டு அங்க போயிருக்கானுங்க. ஒருத்தன் தப்பல. அதுல ஒருத்தன் தமிழ்ப் பையனாம், பாவம்."

மாயாண்டி இஞ்சினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

"என்னண்ணே? அதான் இஞ்சின் தப்பிச்சிருச்சே!"

துளசி மாலை இருந்தால் பயமில்லை, சிவப்பு மாலையைக் கண்டால் உடனே மூங்கில் மலைக்கு ஓடிவிடு என்று, சிங்கப்பூரில் இருப்பதாக ஊரையே தான் நம்பவைத்திருந்த, கருங்கல் மலைக் காட்டில் ஒளிந்திருந்த மகனுக்கு அவர்தான் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.