ரயில் நிற்கிற ஊர்

"கார்ல ஏறினாலே எனக்குக் கொடலப் பொரட்டும்மா. ரயிலு நிக்கிற ஊரா பாத்து ஒரு ரூமு சொல்லு" என்றாள் மரியசெல்வி.

ஏசுராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். போன வருஷம் மரக்காணத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் வாடகைக் காரில் மிக்சர் தின்றுகொண்டே வந்த மகராசி இவள்தான்.

பஸ் ஸ்டாண்டு எதிரே யுவராணியின் டிராவல்ஸ் கடை. ஜெர்மனி விசாவுக்கு ஒரே ஒரு அப்பாயின்ட்மென்ட் காலியாக இருந்தது. மூன்று மணிக்குள் ஃபாரத்தை அனுப்பாவிட்டால் அடுத்தது நாலு மாதம் கழித்துத்தான். இப்போதே மணி இரண்டேகால். 'தங்கும் ஊர்' என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாகக் கிடந்தது.

"மாப்ள வீடு இருக்குது. அந்த ஊரைப் போட்டுட்டுப் போவியா, ரூமு எதுக்குடி?" என்றார் ஏசுராஜ்.

மகள் கிறிஸ்டியைக் கட்டிக்கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்பி மூன்று வருஷம். உப்பளத்தில் எடை போட்டுவிட்டு வந்து, காலில் ஒட்டிய உப்பைக்கூடக் கழுவாமல் போன் முன்னால் உட்கார்ந்து மகள் முகம் பார்க்கிற மனிதர் அவர். நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று தவித்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்கவென்றே கிளம்பியிருக்கிறாள் இவள்.

யுவராணி திரையைத் திருப்பிக் காட்டினாள். "கோகெம் பாருங்க ஆன்ட்டி. மோசல் ஆத்தங்கரை, மேல கோட்டை, அடிக்கடி ரயிலு. டூர் போறவங்க நெறைய பேர் இங்கதான் தங்குறாங்க."

"எம்பொண்ணு வீடு அங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

"வேணாம்."

"அப்ப பெர்ன்காஸ்டல்? ரொம்ப அழகான ஊரு. ஆனா ரயிலு கிடையாது, பஸ்ஸுதான்."

"வேணவே வேணாம்."

"இவ இப்பிடித்தாம்மா, மூணு வாரமா ஒரு மாதிரியா இருக்குறா" என்று ஏசுராஜ் புலம்பினார். "தெனமும் போன்லயே பொண்ணோட சேந்து செபமால சொல்லுவோம். ஞாயித்துக்கிழமன்னா மகிமை தேவரகசியம்தானே சொல்லணும்? கிறிஸ்டி மூணு ஞாயிறா, செவ்வா வெள்ளி சொல்ற துக்க தேவரகசியத்தையே சொல்லுது. ஜெர்மனி போயி கிழம மறந்துடுச்சு பாருன்னு நான் சிரிச்சேன். இவ அன்னிலேருந்து சரியா சோறு தின்னல."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபு போனில் வந்தான். ரூம் விஷயத்தை ஏசுராஜ்தான் காலையில் அவனிடம் உளறியிருந்தார்.

"மாமா, அத்தை ரூம் போடப் போறாங்களாமே? ஏர்போர்ட்ல ஏத்தறதுலேருந்து திரும்பக் கொண்டு விடற வரைக்கும் என் கார்தான். கிறிஸ்டியையே நான் ஒரு நிமிஷம் தனியா விட்டதில்ல, உங்கள விடுவேனா? வெளிய தங்கறதுன்னா சொல்லுங்க, நான் குடுத்த இன்விடேஷன் லெட்டரைக் கேன்சல் பண்ணிடறேன். எனக்கு அது அவமானம்."

ஏசுராஜுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தங்கமான பையன், அவன் கோபம் நியாயம்தானே? போனைக் கையால் பொத்திக்கொண்டு, கடை என்றும் பாராமல் மனைவியிடம் கெஞ்சினார்.

"செல்வி, ஒங்காலுல வேணா வுழறேன். எம்பொண்ணப் பாக்கவுடாம பண்ணிடாத."

மரியசெல்வி போனை வாங்கினாள். குரலில் தேன் ஒழுகியது.

"ஐயோ மாப்ள, உங்க வீட்டுலதான் இருப்போம். கடைசி ரெண்டு நாளு மட்டும் ஆத்துல போட்டுல ஏறணும், ஊரு சுத்தணும்னு உங்க மாமா சின்னப் புள்ளையாட்டம் அடம் பண்றாரு. நீங்க நைட் ஷிப்டு போற நாளாப் பாத்து சுத்திக்கறோம். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

மாப்பிள்ளையின் குரல் இறங்கியது. "மாமா ஆசைன்னா சரி அத்தை."

ஏசுராஜ் தலையில் அடித்துக்கொண்டார். படகாவது, ஊர் சுற்றலாவது! இப்படிக் கூசாமல் புளுகுகிறவளோடா முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று இருந்தது. மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

"சீக்கிரம் ஆன்ட்டி. டிராபன்-டிரார்பாக்னு ஒண்ணு இருக்குது. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஊரு. கிளை ரயிலு ஒண்ணு அங்க வந்து முடியுது."

"எம்பொண்ணு வீட்டுலேருந்து அந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்துடலாமா?"

யுவராணி மேப்பைப் பெரிதாக்கினாள். "இருவது நிமிஷ நடை. ஆத்தோரமா சமமான பாதைதான்."

"காலைல மொத ரயிலு எப்போ?"

"ஆறு மணி வாக்குல ஒண்ணு இருக்குது. ரெண்டு தடவ மாறினா மதியத்துக்குள்ள ஏர்போர்ட்டு."

"அதையே போடும்மா."

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஃபாரம் போய்ச் சேர்ந்தது. ஏசுராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேவிட்டார். எப்படியோ, மகளைப் பார்த்துவிடலாம்.

"அப்பிடியே பிளைட்டுக்கும் டிக்கெட் பிளாக் பண்ணிடறேன் அங்கிள். போக ரெண்டு, வர ரெண்டு" என்றபடி யுவராணி கீபோர்டை இழுத்தாள்.

மரியசெல்வி எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வர்றதுக்கு மூணு போடும்மா, கிறிஸ்டியையும் சேத்து. மாப்ளைக்குத் தெரியக் கூடாது."